நாய்க்கு வேலை கொடுத்த பாய்

நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பது பழமொழி. எங்கள் மணிக்கு அதன் முதல் பாதி மட்டுமே பொருந்தியது. ஒன்பது வயதைத் தாண்டி, பின்னங்கால் ஒன்றில் லேசான நொண்டலும் சேர்ந்துகொண்ட பிறகு, நிற்கவும் படுக்கவும் வாசற்கதவைப் பார்த்துப் பெருமூச்சு விடவும் அவனுக்கு நேரம் தாராளமாகவே இருந்தது. (நாயை ‘அது’ என்று எழுதுவதே முறை என்றாலும், இத்தனை ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவனை அப்படி எழுதக் கை வரவில்லை.) கிண்ணத்தில் உலர் தீவனத்தைக் கொட்டினால் ஒரு நிமிடத்துக்குள் கிண்ணம் துடைத்துவிட்டாற்போல் ஆகிவிடும்; அதன்பின் அடுத்த வேளை வரை அவனுடைய நாளில் நிகழ்ச்சி என்று எதுவும் கிடையாது. காலுக்கு ஓய்வு கொடுங்கள், மூக்குக்கு வேலை கொடுங்கள் என்று கால்நடை மருத்துவர் சொன்னதன் பேரில்தான் மோப்பப் பாய் ஒன்றை வாங்கினேன். நான்கு மாதங்கள், பெரும்பாலும் நாளுக்கு ஒரு வேளை என்ற கணக்கில் பயன்படுத்திய பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். தயாரித்த நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. ஏறக்குறைய இதே அமைப்பில் பல நிறுவனங்கள் பாய் செய்து விற்கின்றன. நான் சொல்லும் நிறைகுறைகளில் பெரும்பகுதி எல்லாவற்றுக்கும் பொருந்தக்கூடியதே.

பார்க்காதவர்களுக்காகப் பொருளைச் சற்று விவரிக்கிறேன். ஒரு சிறுபிள்ளை படுத்துக்கொள்ளும் அளவுக்கு நீள அகலம் கொண்ட தடித்த துணி. அதன் மேல்பரப்பு முழுவதும் விரல் நீளத்தில், இரண்டு விரல் அகலத்தில் ஃபிளீஸ் என்னும் கம்பளிபோன்ற மென்மையான துணியின் கீற்றுகள் நெருக்கமாக முடிச்சிட்டுக் கோக்கப்பட்டிருக்கின்றன. நடுவே இதழ் இதழாக மடித்துத் தைத்த இரண்டு பூக்களும், ஓரத்தில் மூன்று சிறு பைகளும் உண்டு. நான்கு மூலைகளிலும் தரையைப் பற்றிக்கொள்ள ரப்பர் உறிஞ்சுகள். விளிம்பைச் சுற்றி ஓடும் நாடாவை இழுத்தால் பாய் முழுவதும் ஒரு மூட்டையாகச் சுருங்கிக்கொள்ளும். தீவன மணிகளை மேலே தூவிக் கையால் ஒருமுறை கலைத்துவிட்டால் அவை கீற்றுகளுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கின்றன. வெட்டாமல் விட்ட புல்தரையை வீட்டுக்குள் கொண்டுவரும் முயற்சி என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

பாயுடன் பன்னிரண்டு பக்கக் கையேடு ஒன்றும் வருகிறது. அதில் முதல் மூன்று பக்கங்கள்தான் பயன்பாட்டுக் குறிப்பு. மற்றவை நமக்கான உபதேசம். நாய்க்கு நேற்று என்பது கிடையாது, நாளை என்பதும் கிடையாது, ஆகவே அது எப்போதும் மகிழ்ச்சியாக இருக்கிறது, உங்கள் நாய் பாயில் உண்பதைப் பார்த்து நீங்களும் இந்தக் கணத்தில் வாழக் கற்றுக்கொள்ளலாம் என்கிற ரீதியில் அது போகிறது. அட்டைப்பெட்டியின் மேலும் இதே வாக்குறுதி பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருப்பதால், அதையும் பொருளின் ஒரு பகுதியாகவே கருதிச் சோதிப்பதுதான் நியாயம் என்று எனக்குத் தோன்றியது. பாயைப் பற்றிய என் கருத்தும் கையேட்டைப் பற்றிய என் கருத்தும் வெகுதூரம் விலகி நிற்கின்றன என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் மணி பாயைப் புரிந்துகொண்ட விதம் எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஒரு மூலையைப் பல்லால் கவ்வி ஒரே இழுப்பு. உறிஞ்சுகள் ‘டப் டப்’ என்று விட்டுக்கொடுக்க, பாய் கவிழ்ந்து தீவனம் முழுவதும் தரையில் சிதறியது. எவ்வளவு நேரத்தில் தின்று தீர்த்தான் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டாம் நாள் கீற்றுகளின் மேலேயே கொஞ்சம் தீவனத்தைத் தெரியும்படி வைத்து, பாயின் விளிம்பில் என் காலை வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாளிலிருந்து கால் தேவைப்படவில்லை. பாதங்களை அசைக்காமல் நின்று, மூக்கை மட்டும் கீற்றுகளுக்குள் நுழைத்து, உழவு மாடு சால் ஓட்டுவதுபோல் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகர்ந்தான். முன்பு ஒரு நிமிடத்தில் முடிந்த அதே அளவுத் தீவனம் முதல் வாரத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் எடுத்தது. பழகப் பழகக் குறைந்து இப்போது பன்னிரண்டு நிமிடங்களில் நிலைகொண்டிருக்கிறது. வேகம் குறைந்ததால், அவசரத்தில் விழுங்கிவிட்டுச் சற்று நேரத்தில் அப்படியே கக்கும் பழக்கமும் போயிற்று. இந்த ஒரு பயனுக்காகவே நான் பாயை வாங்கியிருப்பேன்.

ஆனால் நான் எதிர்பார்க்காத பயன், அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. மணியின் மூக்கு என் முழங்காலிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நுனியில் ஈரம், அந்த ஈரத்தில் ஒட்டிய ஒரு நூலிழை மூச்சுக்கு மூச்சு படபடத்தது. விரைவான உறிஞ்சல்கள் ஏழெட்டு, பிறகு ஒரு பலத்த ஊதல், ஊதலில் கீற்றுகள் விலக, மறுபடியும் உறிஞ்சல்கள். மூக்குத் துளைகளின் இரு பக்கங்களிலும் காற்புள்ளியைப்போல் வளைந்திருக்கும் சிறு பிளவுகள் திறந்து மூடுவதை, இத்தனை ஆண்டுகளில் அன்றுதான் முதன்முறையாகக் கவனித்தேன். நாய் உள்ளிழுப்பது முன்துளை வழியாக. மோப்பம் பிடிக்கும்போது வெளிவிடுவது பெரும்பாலும் இந்தப் பக்கப் பிளவுகள் வழியாக. வெளியேறும் காற்று பக்கவாட்டில் பின்னோக்கிப் பாய்வதால், முன்னால் இருக்கும் மணம் கலைந்துபோகாமல் அடுத்த உறிஞ்சலுக்குக் காத்திருக்கிறது. நொடிக்கு ஏறத்தாழ ஐந்து முறை இது நடக்கிறது. உள்ளே போன காற்றும் இரண்டாகப் பிரிகிறது: ஒரு பங்கு நுரையீரலுக்கு, மற்றொரு பங்கு மூக்கின் பின்கோடியில் மணத்துக்கென்றே அமைந்த இடத்துக்கு. நம் மூக்கில் மணமறியும் செல்கள் ஐம்பது, அறுபது லட்சம் என்றால், நாயின் மூக்கில் இனத்தைப் பொறுத்து 20 கோடிக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். இன்னொன்றும் உண்டு. வாயைத் திறந்து இரைத்துக்கொண்டிருக்கும் நாயால் சரிவர மோப்பம் பிடிக்க முடியாது. மோப்பத்தில் இறங்க வேண்டுமானால் மூச்சின் நடையே மாற வேண்டும். வாசலில் யாரோ வந்து போனதற்காகக் குரைத்துக் குரைத்து இரைத்த மணி, பாயை விரித்ததும் வாயை மூடி மூக்கால் வேலை தொடங்கியபோது அந்த மாற்றம் என் கண்ணெதிரே நிகழ்ந்தது.

அன்று மாலை ஏதோ கேட்க வந்த பக்கத்து வீட்டு அம்மா, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, “என்னங்க இது, சாப்பிடுதா, படிக்குதா?” என்றார். நான் எழுதப்போகும் இந்த நீண்ட மதிப்புரையைக் காட்டிலும் அந்த ஒரு கேள்வியே பொருளைச் சரியாக விவரிக்கிறது.

இந்தப் ‘படிப்பு’ நாயின் மனநிலையை மாற்றுகிறதா என்பதற்கு ஓரளவு சான்றும் இருக்கிறது. நாய்களின் நடத்தையை ஆராயும் சார்லட் டுராண்டன், அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் ஆகிய இருவரும் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டு நாய்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மறைத்துவைத்த உணவை மோந்து தேடும் விளையாட்டையும், மற்றதற்கு உரிமையாளரின் காலோடு ஒட்டி நடக்கும் பயிற்சியையும் இரண்டு வாரங்கள் அளித்தார்கள். முன்னும் பின்னும் நடந்த சோதனை எளிமையானது. ஓர் இடத்தில் வைத்த கிண்ணத்தில் எப்போதும் உணவு உண்டு, மற்றோர் இடத்தில் வைத்ததில் ஒருபோதும் இல்லை என்று நாய்க்குப் பழக்கிவிட்டு, இரண்டுக்கும் நடுவே ஒரு கிண்ணத்தை வைப்பார்கள். இருக்குமா இருக்காதா என்று தெரியாத அந்தக் கிண்ணத்தை நோக்கி நாய் எவ்வளவு விரைந்து போகிறதோ அந்த அளவுக்கு அதன் எதிர்பார்ப்பு நல்ல பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கொள்ளப்படும். மோந்து தேடிய குழு முன்னைவிட விரைந்து போனது. ஒட்டி நடந்த குழுவில் அந்த மாற்றம் இல்லை. இரண்டு குழுக்களுக்கும் தின்னக் கிடைத்தது, உரிமையாளரோடு பொழுதும் கிடைத்தது. வேறுபட்டவற்றுள் முக்கியமானது, தன் மூக்கைத் தானே நடத்திச் செல்லும் உரிமை. நாயை நடைக்குக் கூட்டிப்போகும் போதெல்லாம் ஒவ்வொரு கம்பத்தடியிலும் கயிற்றைச் சுண்டி இழுத்து “வா, வா” என்று அவசரப்படுத்திய என் பழைய மாலைகளை இதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

இவ்வளவு சொன்னபின், எதிர்ப்பக்கத்தையும் சொல்லாவிட்டால் விளம்பரமாகிவிடும். தேடித் தின்பதைத்தான் நாய் விரும்புகிறது, கிண்ணம் அதற்குத் தண்டனை என்று இத்தகைய பொருள்களை விற்பவர்கள் பேசுவார்கள். நான் ஒருநாள் பாதித் தீவனத்தைப் பாயிலும் மறுபாதியைக் கிண்ணத்திலும் போட்டு இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். மணி சற்றும் தயங்கவில்லை. கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு, வாயை நக்கிக்கொண்டே பாய்க்கு வந்தான். பத்து நாள் கழித்தும் அதே வரிசை. பின்னர்தான் தெரிந்தது, 2024-இல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வு மோப்பப் பாயையே வைத்து 38 வீட்டு நாய்களிடம் இதைச் சோதித்திருக்கிறது என்பது. சும்மா கிடைக்கும் உணவைவிட்டு உழைத்துப் பெறும் உணவை நாய்கள் பொதுவாகத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் உழைக்கவும் அவை தயங்கவில்லை. நாயும் நம்மைப்போல்தான், வழி இரண்டிருந்தால் எளிய வழியில்தான் போகும். வேலையில் இறங்கிய பிறகு அந்த வேலை அதற்குப் பிடித்துப்போகிறது என்பது வேறு சங்கதி.

பிடித்துப்போகிறது என்று எப்படிச் சொல்கிறேன் என்றால், வாலைப் பார்த்து. கிண்ணத்தில் தின்னும்போது மணியின் வால் அசையாது. விழுங்குவதில் முனைந்திருக்கும் உடம்பில் வால் மட்டும் தொங்கும். பாயில் அப்படியில்லை. ஒரு தீவன மணி வாய்க்கு வருவதற்குச் சற்று முன்னால், மூக்கு ஓரிடத்தில் நின்று உறிஞ்சல் வேகமெடுக்கும் அந்தத் தருணத்தில், வால் மேலெழுந்து ஆடத் தொடங்கும், கிடைத்துவிட்டால் அடங்கிவிடும். வால் கொண்டாடியது தேடலைத்தான். எலிகளிலும் பிற விலங்குகளிலும் மூளையின் ஆழத்து உணர்ச்சிப் பாதைகளை ஆராய்ந்த யாக் பாங்க்செப், பாலூட்டிகளின் மூளையில் ‘தேடல்’ என்றே ஓர் அடிப்படை அமைப்பு உண்டு என்று வாதிட்டவர். மூளை செல்களுக்கிடையே செய்தி கடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருள் ஓடும் அந்தப் பாதை, பெற்றதை அனுபவிக்கும்போது விழிப்பதைவிட, பெறுவதற்காக முனைந்து நிற்கும்போதுதான் அதிகம் விழித்திருக்கும் என்பது அவர் கருத்து. தரையில் உட்கார்ந்து ஒரு வாலைப் பார்த்தவனுக்கு இதை நம்புவதில் சிரமம் ஏதுமில்லை. நடக்க இயலாத காலத்தில் மணி இழந்தது நடையை மட்டுமென்று நாங்கள் நினைத்திருந்தோம். நடையோடு சேர்ந்து அவனுடைய தேடலும் போயிருந்தது என்பது பாய் வந்த பிறகே உறைத்தது.

இனிக் கையேட்டின் வாக்குறுதிக்கு வருகிறேன். பாயின் பக்கத்தில் உட்காருவது நமக்கு என்ன செய்கிறது? என் அனுபவத்தை மறைக்காமல் எழுதினால், முதல் வாரத்தில் ஒன்றும் செய்யவில்லை. மணி மோந்துகொண்டிருந்தான், நான் கையில் கைப்பேசியோடு, மறுநாள் அனுப்ப வேண்டிய ஒரு மின்னஞ்சலை மனத்துக்குள் நான்கு விதமாக எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். அவன் தும்மியபோதுதான் நான் அங்கே இல்லை என்பதே எனக்குத் தெரிந்தது. இது என் ஒருவனின் குறை அல்ல என்பதில் எனக்குச் சிறு ஆறுதல். உளவியலாளர்களான மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2010-இல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வில், கைப்பேசிச் செயலி வழியாக 2,250 பேரிடம் நாளின் எதிர்பாராத வேளைகளில், இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். 46.9 விழுக்காடு வேளைகளில் மனம் வேறெங்கோ இருந்தது. அப்படி அலையும்போது மக்கள் குறைந்த மகிழ்ச்சியையே தெரிவித்தார்கள். இனிமையான ஒன்றை நினைத்து அலைந்தபோதுகூட, கையிலிருந்த காரியத்தில் மனம் நின்ற வேளையைவிடக் கூடுதல் மகிழ்ச்சி கிட்டவில்லை.

இதிலிருந்து, மனம் அலையாத நாய் நம்மைவிட மகிழ்ச்சியானது என்ற முடிவுக்கு ஒரே தாவலில் போய்விடுகிறது கையேடு. அங்கேதான் நான் அதனுடன் முரண்படுகிறேன். நாய்க்கு நேற்று இல்லை என்பது உண்மையில்லை. ஹங்கேரியில் ஆய்வு செய்த கிளாடியா ஃபுகாட்சாவும் உடன் ஆய்வாளர்களும் 2016-இல், மனிதர் செய்வதைப் பார்த்துத் திருப்பிச் செய்யப் பழகிய 17 நாய்களை வைத்து ஒரு நுட்பமான சோதனை நடத்தினார்கள். எதைச் செய்துகாட்டினாலும் படுத்துக்கொள்வதே வேலை என்று முதலில் நாய்களைப் பழக்கிவிட்டார்கள். ஆகவே செய்துகாட்டியதை நினைவில் வைக்க வேண்டிய தேவை அவற்றுக்கு இருக்கவில்லை. பிறகு திடீரென்று ஒருநாள், சற்றுமுன் பார்த்ததைச் செய் என்று கட்டளையிட்டபோது, ஒரு நிமிட இடைவெளிக்குப் பின் பாதிக்கும் மேற்பட்ட நாய்களும், ஒரு மணி நேரத்துக்குப் பின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும் அதைச் சரியாகச் செய்தன. தேவையென்று நினைக்காமலே பார்த்து வைத்தது அவற்றின் நினைவில் தங்கியிருந்தது. காத்திருத்தலும் நாய்க்குத் தெரியும். சுவீடனில் தெரேசே ரேன், லிண்டா கீலிங் ஆகியோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், அரை மணி நேரம் தனியே விடப்பட்ட நாய்களைவிட இரண்டு மணி நேரம் விடப்பட்டவை, உரிமையாளர் திரும்பியபோது கூடுதல் ஆரவாரத்தோடு வரவேற்றன. நேரம் கழிவது அவற்றை ஏதோ ஒரு வகையில் தொடுகிறது. தனிமையில் விட்டால் கதவைப் பிறாண்டி நகம் உடைத்துக்கொள்ளும் நாய்களை மருத்துவரின் காத்திருப்பறையில் பார்த்தவர்கள், நாய் கவலையறியாத ஞானி என்று எழுதத் துணியமாட்டார்கள்.

எனக்கு நேர்ந்த ஒரு சிறு சம்பவத்தையும் இங்கே சேர்க்க வேண்டும். மூன்றாம் வாரத்தில் ஒரு நண்பகல், பாயை மூட்டையாகக் கட்டி உயரத்தில் வைக்க மறந்து வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது ஒரு பூவின் பாதி இதழ்கள் அறையெங்கும் கிடந்தன. “யார் வேலை இது?” என்று குரல் உயர்த்தியதும் மணி காதுகளைப் பின்னே மடித்து, கண்ணைத் திருப்பி, வயிற்றோடு தவழ்ந்து மூலைக்குப் போனான். தவற்றை உணர்ந்துவிட்டான் என்று வீட்டில் எல்லோரும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னோம். ஆனால் இதே ஹோரோவிட்ஸ் 2009-இல் 14 நாய்களிடம் செய்த சோதனையில், அந்தக் குற்ற முகம் நாய் தவறு செய்ததா இல்லையா என்பதைப் பொறுத்து வரவில்லை. உரிமையாளர் திட்டினாரா என்பதைப் பொறுத்தே வந்தது. ஒன்றும் செய்யாமலே திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. மணிக்கு அன்று முக்கியமாக இருந்தது என் குரல். நண்பகலில் நடந்ததைக் கட்டி இழுத்துக்கொண்டு இரவு வரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தது நான்தான். என் கோபம் தணிவதற்கு வெகு முன்பே அவன் வந்து என் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்துவிட்டான்.

ஆகவே நாயிடம் கற்பதற்கு ஏதும் இல்லை என்று நான் சொல்லவில்லை. கையேடு காட்டும் இடத்தில் அது இல்லை. மணியிடம் நேற்றின் நினைவும் இருக்கிறது, வேளை தெரிந்த எதிர்பார்ப்பும் இருக்கிறது; பாயைச் சுருக்கி வைக்கும் அலமாரியின் கதவு ஓசைக்கே எழுந்து நிற்கிறான். அவனிடம் நான் பார்த்தவரை இல்லாதது ஒன்றே: நடந்ததையும் நடக்கப்போவதையும் தனக்குத்தானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும் அந்த உட்குரல். பாயில் கடைசித் தீவன மணி தீர்ந்ததும் அவன் செய்வதைப் பல முறை கவனித்தேன். ஒருமுறை முழுப் பாயையும் மேலோட்டமாக மோந்து பார்ப்பான், தும்முவான், உடலை மூக்கிலிருந்து வால் வரை ஓர் உதறு உதறுவான், நடந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவான். அந்த உதறலோடு பாய் முடிந்தது. ஒரு வேலை முடிந்த பிறகும் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போகும் எனக்கு, அந்த உதறலைப் பார்ப்பது பன்னிரண்டு நிமிடங்களில் மிகப் பிடித்த பகுதியாகிவிட்டது. இரண்டாம் மாதத்திலிருந்து கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு வருகிறேன். மனம் அலைவது நின்றுவிட்டது என்றெல்லாம் சொல்லமாட்டேன். அலைந்துவிட்டதைத் தும்மலுக்கு முன்பே சில நாள் கண்டுபிடித்துவிடுகிறேன், அவ்வளவுதான்.

பொருளின் குறைகளைக் கொஞ்சம் கறாராகவே சொல்ல வேண்டும். உறிஞ்சுகள் பயனற்றவை. வழுவழுப்பான தரையில் ஈரத் துணியால் துடைத்துப் பொருத்தினால் ஐந்து நிமிடம் பிடிக்கின்றன. சொரசொரப்பான தரையில் அதுவும் இல்லை. நான்கில் ஒன்று இரண்டாம் மாதத்திலேயே கிழிந்துவிட்டது, அதைப் பிய்த்து எறிந்துவிட்டேன், ஏனென்றால் ரப்பர்த் துண்டு நாயின் வயிற்றுக்குள் போனால் விளையாட்டில்லை. ஓரத்துப் பைகளின் அடித் தையல் இறுக்கமில்லை. உடைந்த தீவனத் தூள் அதற்குள் சேர்ந்து எண்ணெய் வாடை அடிக்கிறது. சலவை இயந்திரத்தில் போடலாம் என்று எழுதியிருக்கிறார்கள். போடலாம்தான், ஆனால் அதற்குமுன் கவிழ்த்துப் பலமாக உதறாவிட்டால் இயந்திரத்தில் கஞ்சி காய்ச்சியதுபோல் ஆகிவிடும். கீற்றுகள் நெருக்கமாக இருப்பதால் முழுதாக உலர இரண்டு நாள் பிடிக்கிறது, அரை ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை நிச்சயம். ஒரே பாயை வைத்துக்கொண்டு ஒரு நாள்கூட விடாமல் பயன்படுத்துவது இதனால் இயலாத காரியம். ஈரமான உணவை இதில் போடவே கூடாது என்று முதல் பக்கத்தில் பெரிதாக அச்சிட்டிருக்க வேண்டும். ஐந்தாம் பக்கத்தில், உபதேசங்களுக்கு நடுவே ஒளிந்துகிடக்கிறது. நாள் முழுவதற்குமான தீவன அளவிலிருந்து கழித்துத்தான் பாயில் தூவ வேண்டும் என்பது எழுதப்படவே இல்லை. முதல் மாதத்தில் மணி எடை கூடியதற்கு என் தாராளமே காரணம் என்றாலும், ஒரு வரி எச்சரிக்கை இருந்திருக்கலாம்.

எல்லா நாய்க்கும் இது ஏற்றதும் அல்ல. பக்கத்து வீட்டு எட்டு மாதக் குட்டிக்கு ஒருநாள் கொடுத்துப் பார்த்தோம். அதற்குத் தீவனத்தைவிடக் கீற்றுகளே சுவையாக இருந்தன. இரண்டைப் பிடுங்கி ஒன்றை விழுங்கப்போன வேளையில் வாயிலிருந்து எடுத்தோம். துணி தின்னும் பழக்கமுள்ள நாய்க்கும், பல் முளைக்கும் பருவத்துக் குட்டிக்கும் இதைக் கொடுப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். விழுங்கிய துணி குடலை அடைத்தால் அறுவைச் சிகிச்சை வரை போகக்கூடும். மற்ற நாய்களுக்கும் ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே. நாயை மும்முரப்படுத்திவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம் என்ற எண்ணத்தோடு வாங்குபவர்கள் ஏமாறுவார்கள். உணவருகே வந்தால் உறுமும் நாய்கள் இரண்டு ஒரே வீட்டில் இருந்தால் தனித்தனி அறை, தனித்தனிப் பாய். மூக்குத் தட்டையான இனங்களுக்கு இவ்வளவு நீளக் கீற்றுகள் தொந்தரவு. அவற்றுக்குக் குட்டைக் கீற்றுப் பாய்கள் உண்டு. மாறாக, பார்வை மங்கிய, காது மந்தமான, நடை தளர்ந்த முதிய நாய்களுக்கு இதைவிடத் தகுந்த பொருளை நான் பார்க்கவில்லை, ஏனெனில் மற்றவை தளர்ந்த பிறகும் பெரும்பாலும் கடைசி வரை துணை நிற்பது மூக்குதான்.

வாங்கித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டால், இல்லை. பழைய துண்டு ஒன்றில் தீவனத்தைத் தூவிச் சுருட்டிக் கொடுத்தாலும், காகித உருண்டைகள் நிறைந்த அட்டைப்பெட்டிக்குள் போட்டாலும், மருந்து தெளிக்காத புல்லில் சிதறவிட்டாலும் மூக்குக்கு இதே வேலைதான். பாய் வருவதற்குத் தாமதமான ஒரு வாரம் நாங்கள் துண்டைத்தான் பயன்படுத்தினோம். மணி குறை சொல்லவில்லை. பாயின் கூடுதல் வசதி, அது நம்மைத் தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் உட்கார வைக்கிறது என்பது. நடைக்கு இது மாற்றாகாது என்பதையும் சொல்ல வேண்டும். கால் சற்றுத் தேறியபின் மணியை மீண்டும் வெளியே கூட்டிப்போகிறேன். முன்னைவிடப் பாதித் தூரம், அதே நேரம். கம்பத்தடியில் அவன் நிற்கும் வரை நானும் நிற்கிறேன். கயிறு தளர்வாகவே கிடக்கிறது.

ஐந்துக்குப் பாய்க்கு நான்கு கொடுப்பேன், உறிஞ்சுகளைத் திருத்தினால் நாலரை. கையேட்டுக்கு ஒன்றரை, அதுவும் முதல் மூன்று பக்கங்களுக்காக.

நேற்று பாயைத் துவைத்தோம். நாடாவைப் பிடித்துக் கொடியில் மாட்டியிருக்கிறது. கீற்றுகளின் நுனியிலிருந்து இன்னும் நீர் சொட்டுகிறது. இன்று மாலைத் தீவனத்தைக் கிண்ணத்தில்தான் போட்டேன், வழக்கம்போல் ஒரு நிமிடத்தில் முடிந்தது. முடித்துவிட்டு மணி கொடிக்கு அடியில் போய் உட்கார்ந்தான். நெற்றியில் சொட்டு விழும்போதெல்லாம் ஒருமுறை கண்ணை மூடித் திறக்கிறான், நகரவில்லை. முகத்தை மேலே தூக்கி, மூக்கின் பக்கப் பிளவுகள் மெல்லத் திறந்து மூட, அரை மணி நேரமாக அங்கேயே இருக்கிறான். நாளை என்பது நாய்க்குக் கிடையாது என்று எழுதியவரை அழைத்துவந்து இவன் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அவர் வரும் வரை நான் உட்கார்ந்திருக்கிறேன்.